ஒண்ணும் சொல்ல வேண்டாம்

விஷம் குடித்து வருகிறவர்களிடம் அவர் ஒருபோதும் "ஏன்" என்று கேட்டதில்லை. பக்கத்தில் நிற்கிற எங்களையும் கேட்க விட்டதில்லை. எமர்ஜென்சி வார்டில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டது இதைத்தான். மற்ற எல்லாம் பிறகுதான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலைப் பக்கம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரை "அக்கா" என்போம். அவரைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். வார்டின் தலைமை நர்ஸ். குட்டையான, அகலமான உருவம். கடற்கரை ஊர்க்காரர். அவருடைய அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போய் வந்தவர். காற்றுக்கு மேலே கத்திப் பேசுகிற குடும்பத்தில் பிறந்ததாலோ என்னவோ, அக்கா மெதுவாகப் பேசினாலே வராந்தாவுக்குக் கேட்கும்.

அன்பானவர் என்று யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். குடித்துவிட்டு வண்டியை மோதி மண்டை உடைந்து வருகிறவனுக்குத் தையல் போட்டு முடிக்கும்வரை வசவு விழும். ஸ்ட்ரெச்சர் வருகிற வழியில் ஆட்டோவை நிறுத்தினால், ஆட்டோக்காரரின் மூன்று தலைமுறையும் அன்றைக்குத் தும்மும். ஆனால் விஷம் குடித்தவர்கள் வந்தால் அக்காவின் குரல் மாறிவிடும்.

அந்த வார்டில் எல்லோருடைய குரலும் மாறத்தான் செய்யும், வேறு விதமாக. உப்பளத்தில் காலை வெட்டிக்கொண்டு வருகிறவரும், கப்பலில் சரக்கு இறக்கும்போது விரலைப் பறிகொடுத்தவரும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரும் எங்களுக்கு நோயாளிகள். விஷம் குடித்தவர் மட்டும் "கேஸ்". அவரிடம் எல்லோருக்கும் ஒரு கோபம். உயிரோடு இருக்கத் தவிக்கிறவர்கள் பக்கத்துக் கட்டிலில் கிடக்க, இவர் வேண்டாம் என்று வந்திருக்கிறாரே என்கிற கோபம். வாசல் காவலாளி கேட்பார், "ஏம்மா இப்படிப் பண்ணுனே?" ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கேட்பார். மூக்கு வழியாகக் குழாய் போடுகிற டாக்டர் கேட்பார். வயிற்றைக் கழுவுகிறபோது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கழுவுவார்கள். மறுபடி குடிக்கக்கூடாது என்கிற பயம் வரட்டும் என்பது அதற்குச் சொல்கிற காரணம்.

நான் சேர்ந்த வாரத்தில் ஒரு கல்லூரி மாணவியைக் கொண்டுவந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே, "படிச்ச பொண்ணுதானே? அப்பா அம்மாவை நினைச்சியா? எதுக்குக் குடிச்சே, சொல்லு! சொன்னாத்தான் போடுவேன்" என்று கத்தினார். அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என்ன குடிச்சா, எப்பம் குடிச்சா, எவ்வளவு குடிச்சா. மூணும் கேட்டாச்சு டாக்டர். குழாயப் போடுங்க."

"அக்கா, நீங்க உங்க வேலையப் பாருங்க."

"இதான் என் வேல."

மணிக்கட்டில் எப்போதும் நாலைந்து ரப்பர் பேண்ட் வைத்திருப்பார். ஒன்றைக் கழற்றி அந்தப் பெண்ணின் தலைமுடியைத் தூக்கிக் கட்டினார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். "உன் பேரு என்னளா?" என்றார். அவள் சொன்னாள். "நான் இங்கனயேதான் நிக்கேன். நீ யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தண்ணி குடிக்கிற மாதிரி முழுங்கு, போதும்." அவள் முழுங்கினாள்.

பிறகு நான் இதைப் பல தடவை பார்த்தேன். முடியைக் கட்டுவது, முகத்தைத் துடைப்பது, பெயரைக் கேட்பது, ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்பது. அந்தச் சொற்களைக் கேட்டதும் பலபேருக்கு உடம்பு தளர்ந்துவிடும். அதுவரை யாருக்கெல்லாமோ பதில் சொல்லத் தயாராக விறைத்துக் கிடந்தவர்கள், திடீரென்று அழுவார்கள், இல்லையென்றால் தூங்கிவிடுவார்கள்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். மானாவாரியில் மிளகாய் போட்டவர். அவருடைய அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பொட்டச்சி மாதிரி மருந்தக் குடிச்சிட்டு வந்து கெடக்கியே, வெக்கமா இல்லையாலே? ஊர்ல நாங்க எப்படி நடமாட?" என்று ஏசிக்கொண்டிருந்தார். அக்கா அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுபோய் விட்டார். "ஏசணும்னா வராந்தால நின்னு செவுத்தப் பாத்து ஏசுங்க அண்ணாச்சி. உள்ள நான் இருக்கேன்." அந்த மனிதர் பிழைத்து, இரண்டு மாதம் கழித்து ஒரு பை நிறைய முண்டு மிளகாய் வத்தலோடு வந்தார். அக்காவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கேட்டாக சிஸ்டர். நீங்க ஒருத்தர்தான் கேக்கல. அதான் உங்ககிட்டயாவது சொல்லணும்னு தோணுது. அன்னைக்கு என்ன நடந்துதுன்னா..."

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்? நல்லா இருக்கியல்லா, அது போதும்" என்று அக்கா வத்தல் பையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் திறந்த வாயோடு சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

அன்று டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏன்க்கா, அவரா சொல்ல வந்தாரு. கேட்டிருக்கலாம்லா?"

அக்கா எப்போதும் நின்றுகொண்டுதான் டீ குடிப்பார். தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கேட்டா அவரு சொல்லுவாரு. சொன்னா நாம ஏதாச்சும் செய்யணும்லா. நம்மகிட்ட என்னளா இருக்கு? குழாய் இருக்கு, டிரிப் இருக்கு, ஊசி இருக்கு. மழை பெய்ய வைக்க முடியுமா? புருஷனத் திருத்த முடியுமா? ஒண்ணுஞ் செய்ய முடியாதவ எதுக்கு வாயப் பிடுங்கணும்?"

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும், முழுக்க நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை.

நான் சொல்ல வந்த அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தது ஒரு நண்பகலில். தாமிரபரணிக் கரையில் ஒரு வயல்காட்டு ஊர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. புருஷனும் மாமியாரும் காரில் கொண்டுவந்தார்கள். புருஷன் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். மாமியார் வாசலிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "மருந்தக் குடிச்சிட்டாளே பாவி! எங்க குடும்ப மானத்தக் கெடுத்துட்டாளே!"

அக்கா இருவரையும் வெளியே அனுப்பினார். முடியைக் கட்டினார். முகத்தைத் துடைக்கும்போது கை நின்றது. கீழுதடு உட்புறமாகக் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "வீட்டுல உப்புத் தண்ணி ஊத்தியிருப்பாங்க. வாயைத் திறக்க மாட்டேன்னிருப்பா" என்றார் டாக்டர். வாஸ்தவம்தான். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டிலேயே வாயைப் பிளந்து எதையாவது ஊற்றிவிட்டுத்தான் பாதிப் பேர் கொண்டுவருவார்கள். பல்லுடைந்து வந்தவர்களைக்கூடப் பார்த்திருக்கிறோம். அக்கா தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மறுநாள் அவள் கொஞ்சம் தெளிந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. தொண்டை புண்ணாகிக் குரல் கரகரத்தது. நான் அடுத்த கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா அவளுக்குத் தலையணையைச் சரிசெய்தபோது, அவள் அக்காவின் கையை எட்டிப் பிடித்தாள். பலமாகப் பிடித்தாள். அக்காவின் விரல்கள் வெளுத்தது எனக்குத் தெரிந்தது.

"அக்கா... நான்..."

"பேசாத, தொண்ட புண்ணாயிருக்கு."

"இல்லக்கா, நான் வந்து..."

அக்கா அவள் நெற்றியில் கையை வைத்தார். யாரிடமும் காட்டாத கனிவோடு சொன்னார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்ளா. நான் கேக்க மாட்டேன். யாரையும் கேக்கவும் விடமாட்டேன். நீ தூங்கு."

அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கையை விட்டாள்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து வாக்குமூலம் வாங்கினார். மாமியார் கட்டில் தலைமாட்டில் மருமகளின் முடியைக் கோதியபடி நின்றாள். ஏட்டு கேட்பதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார். "தீராத வயித்து வலி, அதானேம்மா?" எங்கள் பக்கத்தில் விஷம் குடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் தீராத வயிற்று வலிதான். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே அக்கா நின்றிருந்தார். அக்கா அவளைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓய்வெடு என்பதுபோலத் தலையசைத்தார். அவள் "ஆமா" என்றாள். சில நாளில் காரில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள்.

சில வாரம் கழித்து அவளை இரண்டாம் தடவை கொண்டுவந்தபோது நாடி விரலுக்கு அகப்படவில்லை. அதே கார், அதே புருஷன். அக்காதான் முதலில் அடையாளம் கண்டார். "ஏளா, இவ அவல்லா!" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் ஏறி மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினார். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் அழுத்தினார். நானும் இன்னொரு நர்ஸும் தோளைப் பிடித்து இறக்கினோம். முடி கட்டவில்லை, முகம் துடைக்கவில்லை, எதற்கும் நேரமில்லாமல் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றி அவள் முடியைச் சேர்த்துக் கட்டினார்.

அவளுடைய அப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். நெல் விவசாயி. காலில் காய்ந்த சேறு இருந்தது. கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறார். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து நான் தண்ணீர் கொடுத்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த அப்பா அழவில்லை. யாரிடம் என்று இல்லாமல் பேசினார்.

"எம்மவ குடிக்கலம்மா. மொதத் தடவையும் குடிக்கல. போன்ல சொன்னா. அவனுக்கு வேற ஒருத்தி கூடப் பழக்கம். இவ கேட்டிருக்கா. ஆத்தாளும் மவனும் வாயப் பிடிச்சு ஊத்தியிருக்காவ. ஆஸ்பத்திரில வச்சுச் சொல்லிரலாம்னுதான் பாத்தாளாம். ஒரு நர்ஸம்மா ரொம்ப நல்லபடியாப் பாத்துக்கிட்டாவளாம். அந்தம்மாகிட்டச் சொல்ல வாயெடுத்தாளாம். ஒண்ணும் சொல்ல வேண்டாம், தூங்குன்னுட்டாவளாம். சரி, இங்கயும் கேக்க ஆளில்லன்னு நெனச்சுக்கிட்டாளாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் விலகிப் போவது மட்டும் கேட்டது.

அக்கா யூனிபார்மோடு அப்படியே நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கிழிந்த உதட்டைச் சொன்னார். கையைப் பிடித்ததைச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். "நீங்களும் கேக்கல, அவங்களும் சொல்லல. அப்புறம் என்னத்தப் போய்ச் சொன்னீங்க? ஆஸ்பத்திரி பேரு எதுக்கு இதுல?" அக்கா, "எம்பேரச் சொல்லித்தான் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா மாறிப்போனார். கேட்க ஆரம்பித்தார்.

அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. விஷம் குடித்தவர் வந்ததும் சொந்தக்காரர்களைத் துரத்திவிட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து, "நீயாக் குடிச்சியா, குடுத்தாவளா? பயப்படாமச் சொல்லு. யாரு குடுத்தா?" என்பார், வராந்தாவுக்குக் கேட்கிற அந்தக் குரலில். ஆண்களிடமும் கேட்டார். கிழவர்களிடமும் கேட்டார். பதில் வராவிட்டால் மறுபடி கேட்டார். எவரை நம்பித் தூங்கினார்களோ அவரைப் பார்த்தே இப்போது மிரண்டார்கள். ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு பெண், "சாகத்தான் விடல, சும்மாக் கெடக்கவாவது விடுங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா அன்று சாப்பிடவில்லை. ஆனால் அடுத்து வந்தவரிடமும் கேட்டார்.

"மெதுவாக் கேளுங்கக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"மெதுவாக் கேட்டா, ஒருத்தி சொல்லாமப் போயிட்டான்னா?" என்றார்.

வழக்கு நடந்தது. சில வருடம் இழுத்தது. அக்கா சாட்சி சொன்ன அன்று துணைக்கு நானும் போனேன். மற்ற சாட்சிகளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அப்பாவும் வெளியேதான் இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்தப் பெண் உங்களிடம் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்தா."

"சொல்ல வந்ததைக் கேட்டீர்களா?"

"இல்ல. தடுத்திட்டேன்."

"ஆக, அவர் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை. போலீஸிடம் வயிற்று வலி என்று சொன்னபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். மறுத்தீர்களா?"

"இல்ல."

"அவ்வளவுதான்" என்று வக்கீல் உட்கார்ந்தார். அக்கா கூண்டை விட்டு இறங்காமல் நின்றுகொண்டே இருந்தார். இன்னும் ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்ததுபோல. இறங்கச் சொல்ல வேண்டியிருந்தது.

சந்தேகத்தின் பலனை அளித்துப் புருஷனையும் மாமியாரையும் விடுதலை செய்தார்கள். தீர்ப்பு நாளிலும் போயிருந்தோம். காலையிலேயே முடிந்துவிட்டது. அவர்கள் வந்த காரிலேயே ஏறிப் போனார்கள். கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் அந்த அப்பா தனியாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"எம்மவளுக்காக இத்தன தூரம் வந்தது நீங்க ஒருத்தர்தான்மா."

அக்கா கும்பிட்ட அவர் கையைப் பிடித்து இறக்கினார். "அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதீங்க. உங்க மவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொன்னது நாந்தான்." குரல் எழும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்மா. அன்னைக்கு வராந்தால நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே உங்க மொகத்தப் பாத்தேன். தெரிஞ்சு போச்சு."

"ஏன் ஒண்ணும் கேக்கல நீங்க?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "என்னத்தக் கேக்க? நீங்க கேக்காம விட்டிய. எங்கிட்ட முழுசாச் சொன்னாளேம்மா. வாயப் பிடிச்சு ஊத்துனாவன்னு, கூட்டிட்டுப் போயிருங்கப்பான்னு, எல்லாத்தையும் சொன்னாளே. நான் கேட்டுட்டு, ‘அறுப்பு முடியட்டும்ளா, வந்து கூட்டிட்டு வாரேன்’னேன். ரெண்டு வயக்காடு பாக்கி இருந்துது."

இருவரும் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். வெயில் ஏறிற்று. கோர்ட்டுக்கு வந்தவர்கள் போனார்கள், வேறு பேர் வந்தார்கள். அவருடைய ஊர் பஸ் நேரம் ஆனதும் அக்கா ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

மில்லர்புரத்தில் இருந்த என் அறைக்குப் போய்க் கொஞ்சம் படுக்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. மதிய டூட்டிக்கு நேராக ஆஸ்பத்திரிக்கே போனார். நானும் கூடப் போனேன்.

அன்றும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். வயிற்றைக் கழுவி முடித்து, கண்காணிப்பில் போட்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டிலைச் சுற்றி ஆறேழு சொந்தக்காரர்கள். அக்கா அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நான் அந்தக் குரலுக்காக உடம்பைக் குறுக்கிக்கொண்டேன்.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் முதுகுப் பக்கமாக உட்கார்ந்தார். டூட்டியில் அவர் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்க்கிறேன்.

"சொல்லணும்னா சொல்லு. நான் கேப்பேன்" என்றார். "சொல்ல வேண்டாம்னா வேண்டாம். எப்படின்னாலும் நான் போவ மாட்டேன்."

அவள் திரும்பவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், "எம்மா, வீட்டுக்காரரு வந்திருக்காரு, கதவத் திறங்க" என்றார்கள். கதவு தட்டப்படும் சத்தத்தில் அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியதை நாங்கள் இருவருமே பார்த்தோம். அக்கா என்னைப் பார்த்து, திறக்காதே என்று கண்ணால் சொன்னார். டூட்டி முடிந்து அடுத்த நர்ஸ் வந்து மாற்றிக்கொள்ளக் கேட்டபோதும் அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.